போனுக்கு வராதவள்

ஜூன் 3, திங்கள்

விடுதியில் பல் தேய்க்கும் இடத்தில் ஒரு பெண் எனக்கு வணக்கம் வைத்து, மேல் மாடியில் தண்ணீர் வரவில்லை என்று புகாரும் கொடுத்துவிட்டுப் போனாள். என்னை வார்டன் என்று நினைத்துவிட்டாள். நானும் வாயில் பிரஷோடு தலையை ஆட்டி வைத்தேன். அவளுக்கு இருபது வயது இருக்கும். எனக்கு இருபத்தொன்பது. கல்யாணம், குழந்தை எல்லாம் ஆகி, பாதியில் விட்ட படிப்பை மறுபடி பிடித்து இப்போதுதான் எம்.எஸ்ஸி. முதல் வருடம் முடித்திருக்கிறேன். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

துகள் ஆய்வு நிலையத்தில் கோடை முழுக்க வேலை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தாயிற்று. இங்கே வந்தால் துகள்களை ஓட்டும் பெரிய இயந்திரத்தைப் பழுதுபார்க்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை வெளியூர் போயிருக்கிற கதை. எங்கள் குழுவை நடத்தும் மேடம் சிரிக்காமல் சொன்னார்: "மெஷின் நின்னா என்ன? வானத்துல இருந்து வந்துக்கிட்டேதானே இருக்கு. அதுக்கு லீவே கிடையாது."

வானத்திலிருந்து வருவது மியூவான். கண்ணுக்குத் தெரியாது. கூரை, சுவர், மனிதர் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும், நமக்கு ஒன்றும் ஆகாது. நம் உள்ளங்கை வழியாகவே விநாடிக்கு ஒன்று போலப் போகிறதாம். படித்ததுதான். ஆனாலும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் பேசினேன். என் மகள் வாண்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அங்க என்னம்மா வேலை உனக்கு?"

"ரொம்பச் சின்னதா ஒண்ணு இருக்கு. அதப் பிடிக்கிற வேலை."

"எறும்பா?"

"எறும்ப விடச் சின்னது."

"எறும்போட பாப்பாவா?"

மூன்றரை வயதுக்கு இதைவிடச் சின்னது எதுவும் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 6, வியாழன்

வேலை பிடித்துப்போய்விட்டது. இதைக் கொஞ்சம் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

என் கூட்டாளி அதே வார்டன் புகார்க்காரி. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் அவளைக் கண்ணாடி என்றே கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். எங்களிடம் ஆள் உயரப் பிளாஸ்டிக் பலகைகளை அடுக்கித் தந்திருக்கிறார்கள். மியூவான் உள்ளே புகுந்தால் பலகைக்குள் துளி வெளிச்சம் மின்னும். அதை ஓரத்தில் இருக்கும் ஒரு கருவி பார்த்து எண்ணிக்கொள்ளும். வெளி வெளிச்சம் நுழைந்தால் எல்லாம் கெட்டது. அதனால் பலகையை வெள்ளித் தாளில் சுற்றி, அதற்கு மேல் கறுப்புத் தாள், அதற்கு மேல் கறுப்பு டேப். பிறகு அறையை இருட்டாக்கி, ஒருத்தி டார்ச்சைப் பலகை நெடுக நகர்த்த வேண்டும், இன்னொருத்தி எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். எண் திடீரென்று எகிறினால் அங்கே ஊசி முனை ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

கண்ணாடி இன்று ஓர் ஓட்டையைப் பிடித்துவிட்டு, "மாட்டிக்கிட்டியா" என்று அதனிடம் பேசினாள். எனக்கு இவளைப் பிடித்திருக்கிறது.

ஜூன் 10, திங்கள்

வாண்டு போனுக்கு வரவில்லை. தூங்கிவிட்டாளாம்.

ஜூன் 12, புதன்

இன்றும் வரவில்லை. தூங்கவில்லை, முழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வர மாட்டேன் என்கிறாள். நாத்தனார்தான் போனை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். பகல் வேலை முடிந்து வந்து வாண்டுவையும் பார்த்துக்கொள்கிறாள்.

"கூப்பிட்டுப் பார்த்துட்டேன் அண்ணி. தலைய ஆட்டுறா. கட்டிலுக்கு அடியில போய் உட்கார்ந்துக்கிட்டா."

ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கொஞ்சினேன். கண்ணு என்றேன், ராசாத்தி என்றேன், பொம்மை வாங்கி வருகிறேன் என்று லஞ்சம் வரை இறங்கினேன். பதிலே இல்லை. ஆனால் போன் பக்கத்தில் மூச்சு விடும் சத்தம் கேட்டது. அவளுக்கு எப்போதும் லேசாக மூக்கடைப்பு, அந்த மூச்சு எனக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் கெஞ்சியிருப்பேன். கடைசியில் நான்தான் வைத்தேன்.

பெற்ற தாயிடம் இவ்வளவு வைராக்கியமா? என்னைப் போலத்தான். வேறு யாரைப் போல இருப்பாள்.

ஜூன் 15, சனி

இவரிடம் சண்டை. போனில் சண்டை போடுவதில் ஒரு கஷ்டம், முகத்தைத் திருப்பிக்கொண்டு போக முடியாது.

"சின்னப் பிள்ளை. நாலு நாள் முறுக்கிக்கிட்டு இருப்பா, அப்புறம் சரியாயிடுவா. நீ வேலையப் பாரு" என்றார். இவர் லிப்ட் பழுதுபார்க்கிறவர். நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே நின்று சமாதானப்படுத்திப் பழக்கம். அதே குரலில் என்னையும் சமாதானப்படுத்துகிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ என்னை மறந்துட்டா. அத உங்களுக்குச் சொல்லத் தெரியல."

"மறக்கறதுக்கு நீ என்ன குடையா?"

சிரிப்பு வந்துவிட்டது, அதனால் கோபம் கூடிவிட்டது. வைத்துவிட்டேன். இங்கே போ, போ என்று தள்ளி அனுப்பியதே இவர்தான். விண்ணப்பத்தை வீட்டு மேசையில் வைத்துவிட்டு நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, "நீ போகலைன்னா அப்புறம் என் தலையத்தான் உருட்டுவ" என்றவர்.

நான் வந்திருக்கக் கூடாதோ? மூன்றரை வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு யாராவது வெள்ளித் தாள் சுற்ற வருவார்களா? கேள்வி கேட்பதும் நான்தான், பதில் சொல்வதும் நான்தான். பதில் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது.

முடிவு செய்துவிட்டேன். பலகைகளை வேகமாகப் பார்த்து முடித்தால், ஜூலை பிறக்கும்போது கிளம்பிவிடலாம். திங்கட்கிழமை மேடத்திடம் கேட்கப் போகிறேன்.

ஜூன் 17, திங்கள்

கேட்டேன். "வேலை முடிஞ்சா தாராளமாப் போங்க" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

ஜூன் 19, புதன்

நூற்றுக்கு நூறு.

சோதனை இப்படி. மேலே ஒரு சின்ன எண்ணும் பலகை, கீழே ஒன்று. இரண்டும் சாட்சிகள். நடுவில் நாங்கள் சோதிக்கும் பெரிய பலகை. மேல் சாட்சியும் கீழ்ச் சாட்சியும் ஒரே நேரத்தில் "வந்தது" என்றால் நடுவிலும் மியூவான் போயிருக்கத்தான் வேண்டும். நடுப் பலகை அதைப் பார்த்ததா இல்லையா? நூறு போனால் எத்தனையைப் பார்க்கிறது? தொண்ணூற்றைந்துக்கு மேல் வந்தால் பாஸ்.

இந்த வாரம் சோதித்த பலகை ஒவ்வொன்றும் நூறு. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. முடித்ததையெல்லாம் துணி சுற்றிக் கட்டி, அனுப்புவதற்காகச் சுவரோரம் அடுக்கிவிட்டோம். இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நூறா? உன் பொண்ணு எண்ணினாக்கூட நடுவுல ரெண்டு விட்டுடுவாளே" என்றார். மேடத்திடமும் சொன்னோம். பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"எல்லாமே நூறா?"

"ஆமா மேடம்."

"ம்" என்றார். அந்த "ம்" நன்றாக இல்லை.

ஜூன் 21, வெள்ளி

எழுதக் கையே வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

காலையில் மேடம் நாங்கள் வேலை செய்யும் கொட்டகைக்கே வந்துவிட்டார். "நடுப் பலகையோட கரண்ட்ட நிறுத்துங்க" என்றார். நிறுத்தினேன். அதை நிறுத்தினால் சாட்சிகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. மேலேயும் கீழேயும் அவை பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

சாட்சிகள் இரண்டும் சேர்ந்து சொல்லும் எண்ணிக்கை அப்படியே நின்றுவிட்டது.

கீழ்ச் சாட்சியின் கேபிள் என்று நான் மாட்டியிருந்தது கீழ்ச் சாட்சியின் கேபிளே அல்ல. நடுப் பலகையிலிருந்து வரும் இன்னொரு கேபிள். பலகையையே சாட்சிக் கூண்டில் ஏற்றி, "நீ பார்த்தாயா?" என்று அதையே விசாரித்திருக்கிறேன். பார்த்தேன் என்றுதான் சொல்லும். நூற்றுக்கு நூறு சொல்லும். மாட்டியது நான். கண்ணாடி அன்று இன்னொரு முறை சரிபார்க்கலாமா என்று கேட்டாள். நேரமில்லை என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

மேடம் திட்டவில்லை. "வேலிக்கு ஓணான் சாட்சி" என்றார். பிறகு தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "நானும் படிக்கிற காலத்துல செஞ்சிருக்கேன். என்னோடது தொண்ணூத்தொன்பது வந்துச்சு, அதனால ஒரு மாசம் கழிச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க" என்றார்.

கட்டியதையெல்லாம் பிரித்து மறுபடி செய்ய வேண்டும். கோடை முடியும் வரை ஆகும்.

ஜூன் 22, சனி

ஊருக்குப் போகப் போகிறேன். போதும்.

பெட்டியைக் கட்டிலின் மேல் திறந்து வைத்துவிட்டேன். மேடத்திடமும் சொல்லியாயிற்று. "போகணும்னா போங்க, நான் தப்பா நினைக்க மாட்டேன். ஆனா அந்தப் பலகைய ஒரு ஆள் தூக்க முடியாது. நீங்க இல்லைன்னா பார்க்காமலேதான் உள்ள போகும்" என்றார். உள்ளே என்றால் பெரிய கருவிக்குள். ஒரு தடவை பூட்டிவிட்டால் பத்து வருடத்துக்கு யாரும் திறக்கப் போவதில்லை. குருட்டுப் பலகை ஒன்று உள்ளே போய்விட்டால் குருடாகவே உட்கார்ந்திருக்கும்.

கண்ணாடி அறை வாசலுக்கு வந்தாள். நான் துணி மடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் வேற ஆள் தேடுறேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

அங்கே போனால் பெற்றதுக்கு என்னைத் தெரியவில்லை. இங்கே இருந்தால் வேலைக்கு லாயக்கில்லை. நான் எதுக்குத்தான் ஆவேன்? ஒண்ணுக்கும் ஆக மாட்டேன். அவ்வளவுதான், போ.

ஜூன் 23, ஞாயிறு

பெட்டியை மூடவில்லை. பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருக்கும்போது நாத்தனார் கூப்பிட்டாள்.

"அண்ணி, கிளம்பிடாதீங்க. ஒரு நிமிஷம் கேளுங்க. இன்னைக்கு எனக்கு லீவு. அவளக் குளிப்பாட்டும்போது மெதுவாக் கேட்டேன், ஏண்டி அம்மாகூடப் பேச மாட்டேங்கிறன்னு. என்ன சொன்னா தெரியுமா?"

எனக்குக் கேட்கப் பயமாக இருந்தது.

"நான் பேசினா அம்மா டாட்டா சொல்லிட்டுப் போயிடுறா. நான் பேசலைன்னா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. அப்படீங்கிறா."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவள் பேசின நாட்களில் சாப்பிட்டாயா, விளையாடினாயா, டாட்டா. ஐந்து நிமிடம். மனம் திருப்தியாகி நான் வைத்துவிடுவேன். அவள் பேசாத நாட்களில் அரை மணி, ஒரு நாள் முக்கால் மணிகூட. கண்ணு, ராசாத்தி என்று அவள் காது பக்கத்திலேயே இருந்திருக்கிறேன். அவள் இதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒருமுறை பேசிப் பார்த்திருக்கிறாள், ஒருமுறை பேசாமல் பார்த்திருக்கிறாள், எதில் அம்மா அதிகம் கிடைக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அதையே விடாமல் செய்திருக்கிறாள். எனக்குப் பேச வேண்டும் போல இருக்கும்போது அவளுக்கும் இருந்திருக்குமே. வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றிருக்கிறாளே என் தங்கம்.

மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாக. தண்ணீர்க் குழாயடியில் நின்ற பெண்கள் வார்டன் அழுவதைப் பார்த்தார்கள்.

கோபித்துக்கொண்டாள், மறந்துவிட்டாள் என்று நானே முடிவு கட்டினேன். யாரைக் கேட்டேன்? என்னைத்தான் கேட்டேன்.

பஸ் போய்விட்டது.

ஜூன் 24, திங்கள்

புது ஏற்பாடு. சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுவாள். யாரும் டாட்டா சொல்லக் கூடாது. போன் பாட்டுக்குத் திறந்தே இருக்கும், நான் என் வேலையைப் பார்ப்பேன், அவள் அவள் வேலையைப் பார்ப்பாள்.

மேடத்திடம் அனுமதி கேட்டேன். போனைப் பலகைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்றார். போனின் சமிக்ஞை கேபிளில் ஏறினால் வராத மியூவானெல்லாம் வந்ததாகக் கணக்கு ஏறிவிடும். அதனால் கதவோரம் ஒரு ஸ்டூலில் வைத்திருக்கிறோம். "பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். ஸ்டூலைக் கொஞ்சம் எங்கள் பக்கமாக அவரே நகர்த்தி வைத்தார்.

கேபிள் மாட்டினோம். கண்ணாடி சரிபார்த்தாள். நான் சரிபார்த்தேன். நடுப் பலகையை நிறுத்தினோம், சாட்சிகள் எண்ணிக்கொண்டே இருந்தன. அந்த எண் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருவரும் நின்றோம்.

முதல் பத்து நிமிடம் போனில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு, "அம்மா?"

"ம்."

"நீ இன்னும் இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

"சரி" என்றாள். அவ்வளவுதான். பிறகு பாத்திரங்களை உருட்டும் சத்தம்.

ஜூன் 27, வியாழன்

இன்றைய பலகை தொண்ணூற்றேழு. வாழ்க்கையில் மூன்று மார்க் குறைந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஜூலை 4, வியாழன்

ஸ்டூலிலிருந்து வரும் கேள்விகளுக்குக் கண்ணாடியும் பதில் சொல்லப் பழகிவிட்டாள்.

"அக்கா, எங்க அம்மா என்ன பண்றா?"

"டேப் ஒட்டுறாங்க."

"நேரா ஒட்டுறாளா?"

கண்ணாடி என்னைப் பார்த்தாள். "பரவால்ல" என்றாள்.

இன்று வாண்டுவிடம் அந்தச் சின்னப் பொருள் அவள் கையிலும் போகிறது என்று சொன்னேன். கையை விரித்து வைக்கச் சொன்னேன். கையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். பிறகு, "வலிக்கலையே" என்றாள். பிறகு அத்தையைக் கூப்பிட்டு அவள் கையிலும் வலிக்கவில்லையா என்று விசாரித்தாள். பிறகு அப்பாவை. ஒரு சாட்சி போதாது என்று அவளுக்கு யார் சொன்னது?

ஜூலை 13, சனி

ஒரு பலகை அறுபத்தொன்று. இதுவரை பார்த்த மற்றதெல்லாம் தேறிவிட்டது, இது மட்டும் குருடு. ஓரத்துக் கருவி உள்ளே விலகியிருக்கிறது. நூறு என்று கட்டி வைத்திருந்ததில் இதுவும் ஒன்று. பஸ் ஏறியிருந்தால் இது உள்ளே போயிருக்கும்.

கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எதுக்கு?" என்றாள். நேரமில்லை என்று சொன்னதற்கு என்றேன். "அத அப்பவே மறந்துட்டேன் அக்கா. டீ மட்டும் வாங்கிக் குடுங்க" என்றாள். இரண்டு வாங்கிக் கொடுத்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

இவர் போனுக்கு வந்து பேசினார். லிப்டில் ஒரு கல்யாண ஜோடி மாட்டிக்கொண்டதாம். திறந்துவிட்டால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார்களாம். "இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தா சமாதானம் ஆகியிருப்பாங்க, அவசரப்பட்டுத் திறந்துட்டேன்" என்றார். இந்த மனிதரிடம் எவ்வளவு கோபப்பட்டேன். இல்லாதபோதுதான் அருமை தெரிகிறது. அதை அப்படியே அவரிடம் சொல்லிவிட்டேன். இருமுகிற மாதிரி ஏதோ செய்தார்.

ஜூலை 26, வெள்ளி

மேடம் கூப்பிட்டு உட்கார வைத்தார். படிப்பு முடிந்ததும் இங்கேயே ஆராய்ச்சிக்கு வர விருப்பமா என்று கேட்டார். வருடத்தில் சில மாதங்கள் இங்கே, மற்றபடி கல்லூரியில். நாலைந்து வருடம் ஆகும்.

விருப்பமா? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் இந்த ஒரு கோடைக்கே அவளை இந்தப் பாடு படுத்தியாயிற்று. இன்னும் எத்தனை கோடை? யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கிளம்புவதற்குள் சொன்னால் போதும் என்றார். இவரிடம் சொன்னேன். இந்த முறை இவர் தள்ளவில்லை. "நீயே சொல்லு" என்றார்.

ஜூலை 29, திங்கள்

யோசித்தேன். ஒன்றும் புலப்படவில்லை. பலகை தூக்கினோம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கடைசிப் பலகை. தொண்ணூற்றெட்டு. கண்ணாடி கட்டி முடித்து அதன் மேல் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். நாளை காலை பஸ்.

ஸ்டூலிலிருந்து வாண்டு கூப்பிட்டாள். போய்க் குனிந்து கேட்டேன்.

"அம்மா, பக்கத்து வீட்டுல பூனை குட்டி போட்டிருக்கு. அத்தை கூட்டிட்டுப் போறா. நான் போகணும்."

"போய்ட்டு வா. நான் இங்கேயே இருக்கேன்."

"வேணாம். நீ உன் வேலையப் பாரு. நான் வந்து கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள். அவளே. டாட்டாகூடச் சொல்லவில்லை. கதவு அறைகிற சத்தம் பாதி வந்தது, அதற்குள் போன் அடங்கிவிட்டது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்லவில்லை. ஒரு பூனைக்குட்டிக்கு முன்னால் நான் தோற்றுப்போனேன். ஆனால் போனால் அம்மா இருக்க மாட்டாளோ என்று பயந்த பிள்ளை இப்படிப் பட்டென்று வைக்க மாட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுப்பாள் என்று தெரிந்தவள்தான் வைப்பாள்.

மேடம் அறைக் கதவைத் தட்டினேன். பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"வரேன் மேடம்" என்றேன்.

"காலையிலதானே பஸ்?"

"அது இல்ல. ஆராய்ச்சிக்கு."

பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரச் சொன்னார்.